ஓயாச் செய்தியும் ஓய்ந்த அறிவும்

போர் களத்தில் நடப்பது. இன்றோ அது வீட்டுக் கூடத்திலும் நடக்கின்றது. களத்தில் குருதி சிந்துவோர் சிலர்; கூடத்தில் உறக்கமிழந்து உள்ளம் நைவோர் பலர். இவ்விருவர்க்கும் இடையில் நின்று, ஒருவரது குருதியை மற்றவரது அச்சத்திற்கு விற்று ஊதியம் காண்போர் செய்தித் தொலைக்காட்சி வணிகர். இவ்வுண்மையை உணராதவரை, எவ்வளவு கற்றவனாயினும் ஒருவன் தன் வீட்டிலேயே பிறர்க்கு அடிமையாய்க் கிடப்பான்.

2025 மே 7ஆம் நாள் விடியுமுன் இந்தியப் படை பாக்கித்தானுக்குள் தாக்குதல் தொடங்கியது. மே 10ஆம் நாள் மாலை போர்நிறுத்தம் அறிவிக்கப்பெற்றது. அந்நான்கு நாள்களும் நாட்டின் செய்தித் தொலைக்காட்சிகள் இரவென்றும் பகலென்றும் பாராமல் இரைந்தன. இரைந்தவை யாவை? மே 8ஆம் நாள் இரவு, கராச்சித் துறைமுகத்தை இந்தியக் கடற்படை தாக்கி அழித்துவிட்டது என்று பல தொலைக்காட்சிகள் முழங்கின. விடிந்து பார்த்தால் துறைமுகம் இருந்தபடியே இருந்தது! இரவெல்லாம் கண்விழித்துக் கேட்ட மக்கள் பெற்ற பயன் கண்ணெரிச்சல் ஒன்றே. பொய் வெளிப்பட்டபின் வருத்தம் தெரிவித்தோரோ மிகச் சிலர்.

இதனினும் கொடியது மற்றொன்று. காசுமீரத்துப் பூஞ்சு நகரில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த எறிகணை வீச்சில் ஆசிரியர் ஒருவர் மாண்டார். அவரை வன்முறைக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று சில தொலைக்காட்சிகள் நாடெங்கும் பறைசாற்றின. அது பொய்யென்று அம்மாவட்டக் காவல்துறையே மறுத்துரைக்க வேண்டியதாயிற்று. பகைவனின் எறிகணை அவர் உடலைக் கொன்றது. சொந்த நாட்டுத் தொலைக்காட்சி அவர் பெயரைக் கொன்றது. பிணத்தின்மேல் பழிபோடும் இத்தொழிலுக்குச் செய்தித்தொண்டு என்றோ பெயர்?

பார்ப்போர் கண்ணைத் திரையினின்று அகலவிடாமற் செய்ய, வான்தாக்குதலை அறிவிக்கும் எச்சரிக்கைச் சங்கொலியையே நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒலிக்கவிட்டனர். குளிரூட்டிய அரங்கில் செய்தி படிப்பவர்க்கு அது வெறும் இசை. எல்லையோரச் சிற்றூரில் பிள்ளையை மார்போடணைத்துப் பதுங்குகுழி தேடும் தாய்க்கோ அஃது உயிர்காக்கும் ஒலி. அவ்வொலியை இவ்வாறு பயன்படுத்தலாகாது, கேட்டுக் கேட்டுப் பழகிய மக்கள் உண்மைச் சங்கொலியையும் பொருட்படுத்தாமல் விட்டுவிடக்கூடும் என்று, நடுவண் உள்துறையின் கீழுள்ள குடிமைக் காப்புத்துறை மே 10ஆம் நாள் அறிவுறுத்த நேர்ந்தது. 'புலி வருகிறது' என்று விளையாட்டாய்க் கூவிய சிறுவன் கதையைச் செய்தி நிலையங்களே நடத்திக் காட்டின.

இந்நோய் நேற்று முளைத்ததன்று. 1991 சனவரி 17ஆம் நாள் அமெரிக்கக் கூட்டுப்படை பாக்தாதின்மேல் குண்டுவீசத் தொடங்கியபோது, அந்நகர் விடுதியொன்றிலிருந்து சி.என்.என். செய்தியாளர் மூவர் அதனை அப்போதைக்கப்போதே உலகிற்கு உரைத்தனர். அன்றுமுதல் போர் ஓயாத காட்சியாயிற்று. குறிதவறாமல் இலக்கைத் தாக்கும் குண்டுகளின் படங்களே திரையை நிறைத்தன. வீசப்பட்ட குண்டுகளில் அத்தகையவை பத்திலொரு பங்கிற்கும் குறைவு என்பதைத் திரை உரைத்ததா? பிப்பிரவரி 13ஆம் நாள், குறிதவறாத அக்குண்டுகளே பாக்தாதின் அமிரியாப் புகலிடத்தைத் துளைத்து, உள்ளே உறங்கிய பொதுமக்களில் 400 பேர்க்கு மேல் கொன்றன. இத்தகைய சாவுக்கு அமெரிக்கப் படையினர் வழங்கிய சொல் 'பக்கச் சேதம்' என்பது. கொலையைக் கொலையென்று சொல்லக் கூசும் நா, வேறெதனைத்தான் உள்ளவாறு சொல்லும்? சொல்லைத் திரித்தவன் பொருளையும் திரிப்பான் என்பது தமிழறிந்தார்க்குப் புதிதன்று.

'ஆயினும் நாட்டு நடப்பை அறிதல் குடிமகன் கடமையன்றோ?' என்று வினவுவார் உளர். கடமையே! ஆனால் பார்ப்பது வேறு, அறிவது வேறு. அவ்வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தபோதே மாசாச்சுசெட்சுப் பல்கலைக்கழகத்தார் மூவர் மக்களிடம் வினாத்தொடுத்து ஓர் ஆய்வு நடத்தினர். ஏவுகணையை வீழ்த்தும் ஏவுகணையின் பெயரைப் பெரும்பாலோர் அறிந்திருந்தனர். போருக்கான பின்னணியை அறிந்தோர் சிலரே. தொலைக்காட்சியை மிகுதியாகப் பார்த்தோர் குறைவாக அறிந்திருந்தனர். போரையோ மிகுதியாக ஆதரித்தனர். ஓயாத செய்தி அறிவை வளர்க்கவில்லை, ஓய்வித்தது.

உள்ளத்திற்கு நேரும் கேடும் சிறிதன்று. 2013இல் அமெரிக்காவின் பாசுடன் நகர் ஓட்டப்போட்டியில் குண்டு வெடித்தபின் ஆய்வாளர்கள் மக்களை ஆராய்ந்தனர். குண்டுவெடிப்பை அண்மையில் இருந்து எதிர்கொண்டோரினும், அடுத்த கிழமையில் நாளொன்றுக்கு ஆறு மணிநேரமும் அதற்கு மேலும் அதுபற்றிய செய்திகளில் மூழ்கியோரே மிகுந்த மன அதிர்ச்சிக்கு ஆளாகியிருந்தனர். குண்டு ஒருமுறை வெடித்தது; திரையிலோ அது நூறுமுறை வெடித்தது.

எனவே, போர்க்காலத்தில் வீட்டைக் காக்கும் முறை யாது? காலை ஒருமுறை, மாலை ஒருமுறை எனச் செய்திக்கு நேரம் வரையறுத்தல் வேண்டும். கால்மணி நேரம் போதும். உணவு வேளையிலும் உறங்குமுன்னும் பெட்டி அணைந்திருத்தல் வேண்டும். இரவில் வரும் பரபரப்பை விடியும்வரை நம்பாதிருத்தல் வேண்டும். உண்மையாயின் அது காலையிலும் உண்மையாகவே இருக்கும். காட்சியை விடுத்து எழுத்தைப் படித்தல் நன்று. எழுத்து நின்று எண்ண இடந்தரும். 'நேரிற் கண்டவர் யார்? சொன்னவர் யார்? இறந்தவர் பெயர் என்ன?' என்னும் மூன்று வினாக்களுக்கு விடையில்லாச் செய்தியைப் பிறர்க்குப் பரப்பலாகாது. குழந்தைகள் முன் பிணக்காட்சியை ஓடவிடலாகாது. அவர்கள் கேட்பதற்குப் பெற்றோரே எளிய சொல்லில் விடைகூற வேண்டும். எல்லையில் மகனை நிறுத்திவிட்டு நெஞ்சம் பதறும் தாய்க்குத் திரையின் முழக்கம் ஆறுதல் தாராது. அக்கம்பக்கத்தார் அவள் வீட்டுத் திண்ணையில் சென்று அமர்ந்திருப்பதே ஆறுதல்.

இஃது அஞ்சி ஒளிதலன்று, அறிவைக் காத்தல். போரை நிறுத்தும் ஆற்றல் எளிய குடிமகன் கையில் உடனே இல்லாதிருக்கலாம். பொய்யை நிறுத்தும் விசை அவன் விரல்நுனியில் இருக்கின்றது. பார்ப்பவனின்றிப் பொய் வணிகன் ஒருநாளும் பிழையான்.

பெட்டி உறங்கட்டும், அறிவு விழிக்கட்டும்!