வெந்நீர் பாய்லரைக் கழற்றிவிட்டோம்

எங்கள் வீட்டுச் செம்பு பாய்லரைக் கழற்றிவிட்டோம் என்று தெரிந்ததிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரிக்கிறார்கள். "என்ன அண்ணே, அந்தக் காலத்துப் பொருளு, இப்ப கிடைக்குமா?" என்று உளுந்தூர்பேட்டைக் கடைத்தெருவில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். அவர் வீட்டில் கீசர் மாட்டிப் பத்து வருஷமாகிறது.

பாய்லர் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. நடுவில் குழாய், சுற்றிலும் தண்ணீர். அடியில் முந்திரி விறகு, சிராய், தேங்காய் மட்டை எதைப் போட்டாலும் அனல் தண்ணீரை ஒட்டியே மேலேறும். புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வரும். தண்ணீர் மட்டும் குறையக் கூடாது. குறைந்தால் பற்றாசு இளகி ஒழுகும். எங்களுடையது இரண்டு தரம் ஒழுகிப் பற்றவைத்தது.

ஆனால் அதை எடுக்கக் கூடாது என்றவர்களில் ஒருவர்கூட அதை மூட்டியவர் இல்லை. நானும் அந்தக் கூட்டம்தான். போன மார்கழியில் பேச்சு முற்றியபோது என் மனைவி, "அப்படின்னா நாளையிலேருந்து நீங்களே மூட்டுங்க" என்றாள். மூட்டினேன். ஈர விறகு, பனி, ஊதாங்குழல். ஐந்தாம் நாள் கண் சிவந்து, நெஞ்சு கட்டி, இருமலோடு உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு வருஷக்கணக்காக இருந்த விடியற்கால இருமலை நான் பனிக்குத்தான் எழுதிவைத்திருந்தேன். இத்தனை வருஷம் கணக்குப் பார்த்த குமாஸ்தா, இதைத் தப்பான தலைப்பில் எழுதியிருக்கிறேன்.

2016-ல் உஜ்வலா திட்டம் வந்தபோது விறகுப் புகையிலிருந்து பெண்களுக்கு விடுதலை என்றார்கள். சமையலுக்கு சிலிண்டர் வந்தது உண்மை. ஆனால் சிலிண்டர் தீர்ந்துவிடுமே என்று வெந்நீரைப் பின்கட்டில் விறகிலேயே வைக்கிற வீடுகளை இன்றும் பார்க்கிறேன். அடுப்பங்கரைப் புகை தோட்டத்துக்குப் போயிற்று, அவ்வளவுதான்.

கழற்றுவது பெரிய வேலை இல்லை. முதல் நாளே தீ மூட்டாமல் ஆறவிட்டு, குழாயைத் திறந்து தண்ணீரை வடித்து, புகைபோக்கியை உருவினோம். எங்கள் குளியலறைக்குக் கூரை ஆஸ்பெஸ்டாஸ். வந்த ஆள் புகைபோக்கி ஓட்டையைச் சுற்றிச் சுத்தியலால் தட்டப் பார்த்தார். விடவில்லை. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஷீட்டை நனைத்து, ஆணியைக் கழற்றி, உடைக்காமல் முழுசாக இறக்க வைத்தேன். அரை நாள் கூடுதல் கூலி, கொடுத்தேன்.

பதிலுக்கு மின்சார கீசர். செலவைக் கேட்கிறவர்களுக்கு: 20 லிட்டர் வாளியை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர மூன்றில் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதல் போதும். வீணாவதையும் சேர்த்து அரை யூனிட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருவர், ஆளுக்கு ஒரு வாளி, நாளைக்கு ஒரு யூனிட். நம் ஊரில் வருஷத்தில் சில மாதம்தான் அதுவும் தேவை. விறகை வாங்குகிறவர்கள் அந்த விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணத்தைவிட முக்கியம் எர்த். பழைய வீடுகளில் பல இடங்களில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். கீசர் வாங்குமுன் எலக்ட்ரீஷியனை வைத்து அதைச் சோதித்து, கசிவு வந்தால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்சையும் போடச் சொல்லுங்கள். கேஸ் கீசரைக் கதவு மூடிய சின்னக் குளியலறைக்குள் வைக்கவே வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

பாய்லர் இப்போது கிணற்றடியில் கவிழ்ந்து கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிப் பார்த்து, கரி, உப்பு, பற்றாசு என்று மூன்று கிலோ கழிவு சொன்னார். நான் ஒரு கிலோ என்றேன். அவர் போய்விட்டார். "கேட்ட விலைக்குக் கொடுத்துத் தொலைங்க" என்கிறாள் அவள். அடுத்த வாரம் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.