லெ பென் ஓட்டுக்கு ஆசைப்பட்டவர்கள்

வலேரி பெக்ரெஸ் என்ற பெயர் இங்கே எத்தனை பேருக்கு நினைவிருக்குமோ தெரியாது. 2022 ஏப்ரலில் பிரான்சு அதிபர் தேர்தலில் நின்றவர். முன்னாள் அதிபர் தெ கோல் வழிவந்ததாகச் சொல்லிக்கொள்ளும் குடியரசுவாதிகள் கட்சியின் வேட்பாளர். வாங்கிய ஓட்டு 4.78 விழுக்காடு. ஐந்தைத் தொடாவிட்டால் பிரசாரச் செலவில் பெரும்பகுதியை அரசு திருப்பித் தராது. என் பெயரில் மட்டும் 50 லட்சம் யூரோ கடன் நிற்கிறது என்று சொல்லி, மறுநாளே மக்களிடம் நன்கொடை கேட்டார். அந்தத் தேர்தலில் எனக்கும் ஓட்டு இருந்தது. அவருக்குப் போடவில்லை. அதற்கு முன்பெல்லாம் எங்கள் வீட்டில் விழுந்த ஓட்டுகள் பெரும்பாலும் அந்தக் கட்சிக்குத்தான்.

நான் புதுச்சேரிக்காரி. 1962 ஆகஸ்ட் 16-இல் இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் அப்பா எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஊர் வழக்கில் 'சொல்தா'. பென்ஷனோடு ஊர் திரும்பினார்; இன்றைக்கு அவர் இல்லை. கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட், பக்கத்தில் ஓ.சி.ஐ. அட்டை. பிறந்த ஊரின் சட்டமன்றத்துக்கு நான் ஓட்டுப் போட முடியாது. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எலிசே மாளிகைக்குப் போடலாம். "இன்னா சொல்தாம்மா, நம்ம ரங்கசாமிக்குப் போட முடியாது, எங்கியோ கீற மக்ரோனுக்குப் போடுவியா?" என்று பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்கா கேட்டு ரொம்ப நாள் சிரித்தாள்.

இது தனியொருத்தி கதை இல்லை. என்னைப் போன்ற பிரெஞ்சு வாக்காளர்கள் புதுச்சேரி, காரைக்கால், சென்னை என்று சில ஆயிரம் பேர் உண்டு. எங்களில் பழைய தலைமுறைக்கு வலதுசாரி என்றால் தெ கோல். தெ கோல் என்றால் சுவரில் மாட்டிய படம். அந்தக் கட்சி பெயரை மாற்றிக்கொண்டே போனாலும் (எனக்குத் தெரிந்தே மூன்று பெயர்) நாங்கள் மாறவில்லை. அவர்கள்தான் எங்களைத் தாண்டி வேறு ஒருவரின் வாக்காளரைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

1991 ஜூனில் அந்தக் கட்சியின் ழாக் ஷிராக் ஓர்லேயான் நகரில் பேசிய பேச்சை இன்றும் பிரான்சில் யாரும் மறக்கவில்லை. குடியிருப்பு மாடியில் எதிர்வீட்டில் ஒரு வெளிநாட்டுக் குடும்பம், மூன்று நான்கு மனைவி, இருபது பிள்ளை, வேலை செய்யாமல் அரசு பணம், அதோடு சத்தமும் நாற்றமும் சேர்ந்தால் பிரெஞ்சுத் தொழிலாளிக்குப் பைத்தியம் பிடிக்காதா என்ற மாதிரிப் பேச்சு. பேசியவர் பாரீஸ் மேயர், முன்னாள் பிரதமர். தீவிர வலதுசாரித் தலைவர் லெ பென் அல்ல. நாங்கள் அப்போது தெற்குப் பிரான்சின் தூலோனில், அதே மாதிரி அரசு அடுக்குமாடியில் நான்காவது மாடியில் இருந்தோம். அந்தப் பேச்சை டிவியில் பார்த்த வாரத்திலிருந்து நான் அந்த வீட்டில் கருவாடு வறுப்பதை விட்டேன். மத்தி பொரித்தால் கூட ஜன்னலைச் சாத்தினேன். என் வீட்டுக்காரர் அந்நாட்டுச் சீருடையில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம் அது.

நான்கு வருஷம் கழித்து, 1995 மே மாதம் ஷிராக் அதிபரானார். எதிர்வீட்டு அம்மாள் அவருக்குத்தான் போட்டாள், எங்களைப் போலவே. அடுத்த மாதம் நகராட்சித் தேர்தல். தூலோனை லெ பென்னின் தேசிய முன்னணி பிடித்தது. ஒராஞ்சும் மாரிஞ்ஞானும் கூட அவர்களிடம் போயின. எதிர்வீட்டு அம்மாள் இந்த முறை அவர்களுக்குப் போட்டதை மறைக்கவில்லை. என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சூப் கொண்டுவந்து கொடுக்கிறவள். "உங்களைச் சொல்லலை மதாம், நீங்க வேற" என்றாள். பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு முக்கியம்: ஷிராக்கும் இதைத்தானே சொன்னார், சொல்லிவிட்டுச் செய்யவில்லை, இவர்கள் செய்வார்கள்.

அரசியல் நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்த அம்மாள் மாடிப்படியில் முடித்துவிட்டாள். சங்கராவைக் கூடையில் வைத்துக்கொண்டு 'வஞ்சிரம்தான் மீன், வஞ்சிரம்தான் மீன்' என்று நாள் முழுக்கக் கூவினால், வந்தவள் வஞ்சிரம் வைத்திருப்பவளிடம்தான் போவாள். அசல் இருக்கும்போது மக்கள் நகலை வாங்க மாட்டார்கள் என்று கிழவர் ழான்-மரி லெ பென்னே சொல்லிக்கொண்டிருந்தார். அவரோடு எனக்கு ஒத்துப்போகிற ஒரே இடம் இது.

ஷிராக்குக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1998-இல் பிராந்திய சபைகளில் சில வலதுசாரித் தலைவர்கள் லெ பென் கட்சி ஓட்டால் பதவி வாங்கியபோது அதை டிவியில் வந்து கண்டித்தார். 2002-இல் இரண்டாம் சுற்றில் லெ பென்னோடு ஒரே மேடையில் விவாதிக்க மறுத்தார். 82 விழுக்காடு ஓட்டோடு ஜெயித்தார். அன்றைக்குப் போட்ட ஓட்டை நான் இன்றும் சந்தோஷமாகச் சொல்வேன்.

பிறகு வந்த நிக்கோலா சர்கோசிதான் இதை ஒரு தொழிலாகவே செய்தார். 2007-இல் குடியேற்றத்துக்கும் தேசிய அடையாளத்துக்கும் சேர்த்து ஓர் அமைச்சகம் என்று வாக்குறுதி கொடுத்தார். பலித்தது. லெ பென் 16.86-லிருந்து 10.44-க்கு இறங்கினார், சர்கோசி முதல் சுற்றிலேயே 31 விழுக்காடு தாண்டினார். லெ பென்னின் ஓட்டை இப்படி வாங்கவே முடியாது என்று நான் வாதாட வரவில்லை; ஒரு முறை வாங்கலாம். அடுத்த முறை அந்த வாக்காளர் வட்டியோடு கேட்பார். 2010-இல் கிரெனோபிளில் பேசும்போது, வெளிநாட்டில் வேர் உள்ளவர்கள் போலீசைக் கொல்லத் துணிந்தால் குடியுரிமையைப் பறிக்க வேண்டும் என்றார். 2012-இல் எல்லை, குடியேற்றம் என்று இன்னும் உரக்கப் பேசினார். அந்த வருஷம் கிழவரின் மகள் மரீன் லெ பென் 17.90 வாங்கினார்; சர்கோசி தோற்றார்.

இந்தக் கதையில் எங்கள் ஊருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு ஆள் இருக்கிறார். தியேரி மாரியானி. 2007-இல் சர்கோசி கட்சி எம்.பி.யாக, குடும்பத்தோடு சேர பிரான்சுக்கு வருகிறவர்களுக்கு டி.என்.ஏ. சோதனை வைக்கலாம் என்று திருத்தம் கொண்டுவந்தவர். சட்டமானது; ஆனால் அமல்படுத்தும் ஆணையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர்கள் அரசின் அமைச்சரே 2009-இல் சொல்லிவிட்டார். அதே 2007 சட்டம்தான், பிரான்சில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போகிறவர்கள் சொந்த ஊரிலேயே பிரெஞ்சு மொழிப் பரீட்சைக்கு உட்கார வேண்டும் என்று வைத்தது. அப்போது எங்கள் தெருவில் கல்யாணமான புதுப்பெண்கள் தாலிக் கயிற்றின் மஞ்சள் காயும் முன்பே 'ழெ சுயி, த்யு எ' என்று மனப்பாடம் செய்தார்கள்.

2012-இல் வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று நாடாளுமன்றத் தொகுதிகள் முதல் முறையாக வந்தன. பதினோராவது தொகுதி ரஷ்யா, ஆசியா, ஓசியானியா, இந்தியாவும் அதற்குள். அதில் ஜெயித்து எங்களுக்கு எம்.பி. ஆனவர் இதே மாரியானி. டி.என்.ஏ. சோதனை கேட்டவர், பிரெஞ்சுத் தூதரக வாசலில் குடும்ப விசாவுக்கு நிற்கிற ஊருக்குப் பிரதிநிதி! அதற்கு முன்பே, தங்கள் வாக்காளர் லெ பென் பக்கம் போகாமல் பிடித்து வைக்க 'மக்கள் வலதுசாரி' என்று கட்சிக்குள் ஒரு குழுவை ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர். பிடித்து வைத்தாரா? 2017-இல் மக்ரோன் கட்சியின் ஆன் ழெனத்தேயிடம் தோற்றார். 2019-இல் மரீன் லெ பென் கட்சிப் பட்டியலில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போனார். 2021-இல் தெற்குப் பிராந்தியத்தில் அந்தக் கட்சியின் முதல் வேட்பாளராக நின்று, தன் பழைய கட்சிக்காரரான ரெனோ முய்ஸெலியேயிடம் தோற்றார். தடுக்கப் போன காவல்காரர் அந்தப் பக்கம் குடியேறிவிட்டார்.

கட்சி மாறுவதை நான் பாவமாக நினைக்கவில்லை. நான் தினமும் காய் வாங்குகிற பெரிய மார்க்கெட்டுக்கே குபேர் பெயர்தான். கடற்கரைச் சாலைக்கும் அவர் பெயர். எதுவார் குபேர் பிரெஞ்சு இந்தியா சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர், பாரீஸ் நாடாளுமன்றத்தில் எங்கள் பிரதிநிதி, பிரெஞ்சு ஆட்சியின் தூண். 1954 மார்ச்சில் ஒரே தாவாக இந்தியாவோடு இணைப்புப் பக்கம் வந்தார். 1963-இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் ஆனார். சந்தர்ப்பவாதி என்று அவரை என் அப்பா கடைசி வரை திட்டினார். ஆனால் ஜனங்கள் ஏற்கெனவே போய் நின்ற இடத்துக்குத்தான் குபேர் போனார். பாரீஸ் வலதுசாரிகள் செய்வது வேறு. தங்கள் ஆட்கள் இன்னும் இந்தப் பக்கம் நிற்கும்போதே, அந்தப் பக்கம்தான் நல்லது என்று அவர்களுக்கே பிரசாரம் செய்கிறார்கள்.

பெக்ரெஸ் அதற்கு உச்சம். படித்தவர், மிதவாதி என்று பெயர் எடுத்தவர். 2021 டிசம்பரில் கட்சிக்குள் எரிக் சியோத்தியைத் தோற்கடித்துத்தான் வேட்பாளர் ஆனார்; சியோத்தியோ, மக்ரோனா தீவிர வலதுசாரி செமூரா என்று வந்தால் செமூருக்கே போடுவேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஜெயித்த பெக்ரெஸ் தோற்ற சியோத்தியின் குரலில் பேச ஆரம்பித்தார். 2022 பிப்ரவரி 13-இல் பாரீஸ் ஸெனித் அரங்கில், வெள்ளையரை அகற்றிவிட்டு வந்தேறிகள் அந்த இடத்தைப் பிடிக்கிறார்கள் என்று தீவிர வலதுசாரிகள் பரப்பும் 'பெரும் மாற்றீடு' என்ற சொல்லை மேடையில் எடுத்தார். வெறும் காகிதத்தில் பிரெஞ்சுக்காரர்களாக இருப்பவர்களை இதயத்தால் பிரெஞ்சுக்காரர்களாக ஆக்க வேண்டும் என்றார். மறுநாள், நான் அந்தக் கோட்பாட்டை ஏற்கவில்லை என்று விளக்கமும் கொடுத்தார். என் அப்பா 1962-இல் கையெழுத்துப் போட்டது காகிதத்தில்தான். வேறு எதில் போடுவார்கள்?

பலன்? மரீன் லெ பென் 23.15, செமூர் 7.07, பெக்ரெஸ் 4.78. ஐந்து வருஷத்துக்கு முன் அதே கட்சியில் ஃபியோன் வாங்கியது 20. இதில் கணிசமான பங்கை மக்ரோன் கொண்டுபோனார் என்பார்கள். உண்மைதான், கட்சியின் நிதானமான ஆட்கள் அவரிடம் போனார்கள். ஏன் போனார்கள் என்று யோசித்தால் மறுபடி ஸெனித் அரங்கத்துக்குத்தான் வந்து நிற்போம்.

அதன்பிறகும் புத்தி வரவில்லை. 2024 ஜூனில், அப்போது கட்சித் தலைவராக இருந்த சியோத்தி யாரையும் கேட்காமல் லெ பென் கட்சியோடு கூட்டணி அறிவித்தார். கட்சி அலுவலகக் கதவே பூட்டப்பட்ட கூத்து நடந்தது. 2025-இல் தலைவரான புருனோ ரெத்தையோ, 2023 கலவரத்தின்போது, குடியேறியவர்களின் இரண்டாம் மூன்றாம் தலைமுறையினர் இன மூலத்தை நோக்கிப் பின்வாங்குகிறார்கள் என்று பேசியவர். அவரோடு போட்டியிட்ட லொரான் வொக்கியே, வெளியேற்ற உத்தரவு பெற்ற ஆபத்தான வெளிநாட்டவரைக் கனடா பக்கத்தில் உள்ள சேன்-பியேர்-எ-மிக்லோன் தீவுகளில் அடைக்கலாம் என்றார். பழைய பிரெஞ்சுப் பேரரசின் மிச்சத் துண்டு ஒன்று கிடங்காகப் பயன்படுவதைக் கேட்கும்போது, அதே பேரரசின் இன்னொரு துண்டில் பிறந்த எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

2027 தேர்தலுக்கு முன் இந்தக் கட்சியின் ஆட்கள் யாராவது எங்கள் ஓட்டைத் தேடி இங்கேயும் வருவார்கள். போர் நினைவுச் சின்னத்தில் மாலை வைப்பார்கள், தெ கோல் பெயரைச் சொல்வார்கள், சொல்தாக்களின் தியாகத்தைப் புகழ்வார்கள். எனக்குக் கேட்க இரண்டு கேள்வி இருக்கிறது. 2024 ஜனவரிச் சட்டம் குடியுரிமைக்கும் பத்தாண்டு அட்டைக்கும் மொழித் தகுதியை உயர்த்தியதே, அதை இன்னும் இறுக்குவீர்களா? இரண்டாம் சுற்றில் உங்கள் ஆள் இல்லாமல் லெ பென் கட்சி நின்றால், எதிரில் நிற்பவர் இடதுசாரியாக இருந்தாலும் அவருக்குப் போடச் சொல்வீர்களா, மாட்டீர்களா? பதிலை முதல் சுற்றுக்கு முன்பே சொல்லட்டும். இரண்டு சுற்றுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பதினான்கு நாளில் கிடைக்கிற பதில் எனக்கு வேண்டாம்.