எத்தனை ஏக்கர் என்று கேட்பதற்கு முன்

தனியார் பல்கலைக்கழகம் தொடங்க 100 ஏக்கர் வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுச் சட்டம். அதைக் குறைக்க வந்த மசோதா 2025 அக்டோபரில் பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. அரசு உதவிபெறும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகங்களாகிவிடும் என்பது எதிர்த்தவர்களின் முதல் கவலை, நியாயமான கவலை. திட்டமிடுபவர்களான நம்மை உறுத்த வேண்டியது வேறு. அந்த நிலத்தில் மழைநீர் எந்த வழியாக ஓடுகிறது என்ற கேள்வி இந்த விவாதத்தில் எழவே இல்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகத்துக்கு அந்தக் கேள்விதான் உருவம் கொடுத்தது. ஊருக்கு வெளியே, மேய்ச்சல் நிலத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரை மனதில் வைத்துத் தொடங்கிய திட்டம் அது. ஆனால் குளிர்கால மழையில் நிரம்பி வெயிலில் வற்றிப்போகும் சிறு குட்டைகள் அந்த நிலமெங்கும் இருந்தன. விரல்நுனியளவு இறால் வகைகள் அவற்றில் வாழ்கின்றன. சட்டப் பாதுகாப்பு பெற்றவை. குட்டைகளைத் தூர்க்க அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. கடைசியில், முன்பு கோல்ஃப் மைதானமாக இருந்த இடத்தில் 2005இல் வளாகம் திறந்தது.

விரிவாக்கம் வந்தபோதும் வெளியே பரவவில்லை. சுமார் 219 ஏக்கருக்குள் நெருக்கிக் கட்டி, 2020க்குள் கட்டடப் பரப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார்கள். செலவு சுமார் 130 கோடி டாலர். கட்டிய கூட்டமைப்பே பராமரிப்பையும் பார்க்க வேண்டும் என்பது 39 ஆண்டு ஒப்பந்தம். கூரை ஒழுகினால் கட்டியவருக்குத் தர வேண்டிய பணத்தில் பிடித்தம் செய்யலாம் என்றால் கூரை ஒழுகாது; நம் பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மெர்செட் நெருக்கிக் கட்டியதைத் தொலைநோக்கு என்று புகழ எனக்கு மனமில்லை. கட்டுப்பாடு இல்லாதிருந்தால் அவர்களும் பரவியிருப்பார்கள். குறையும் உண்டு: வளாகத்தை ஒட்டி எழுவதாக வரைபடத்தில் இருந்த குடியிருப்பு, திறப்புக்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேல் மேய்ச்சல் நிலமாகவே கிடந்தது. மாணவர்கள் நகரத்தில் வீடு பிடித்துப் பேருந்திலும் காரிலும் வந்து போனார்கள். கட்டடத்தை நெருக்கிவிட்டு வீட்டைத் தள்ளிவைத்தால், மிச்சம் பிடித்த நிலத்தின் பலனைச் சாலை தின்றுவிடும்.

மசோதா திருத்தப்பட்டு மறுபடியும் வரலாம். அப்போது பரப்பளவுச் சான்றோடு வாய்க்கால், ஓடை, தாழ்நிலம் காட்டும் வரைபடத்தையும், எத்தனை மாணவர்களுக்கு உள்ளேயே தங்குமிடம் என்ற கணக்கையும் விண்ணப்பத்தில் கேட்க வேண்டும். இவற்றுக்கான விதி வாசகத்தை எழுதி அனுப்புங்கள். வரும் இதழில் வெளியிடுகிறோம்.