மைக்கும் ஒரு நாட்குறிப்பு



சென்ற மாதம் ஒரு தாய் எழுதிய கடிதம் கைக்கு வந்தது. கல்லூரியில் முதலாண்டு பயிலும் அவருடைய மகன் ஊற்றுப் பேனாவில் எழுதுவதில் பெருவிருப்பம் கொண்டு, கைச்செலவுக்குக் கொடுக்கும் பணத்தில் வகைவகையான மைப்புட்டிகளை வாங்குகிறானாம். அதோடு நில்லாமல், தடித்த தாளில் ஒரு குறிப்பேடும் வைத்துக்கொண்டு, இன்ன மை, இன்ன பேனாவில், இன்ன நாளில் ஊற்றப்பட்டது என்றெல்லாம் அதில் எழுதி, பக்கத்திற்கு ஒரு வண்ணமாகத் தீட்டி வைக்கிறானாம். "படிக்கிற பிள்ளைக்கு இது தேவைதானா சுவாமி? வீண் ஆடம்பரம் அல்லவா?" என்பது அந்தத் தாயின் கேள்வி.

கேள்வி நியாயமானதே. பணத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் மைப்புட்டியையும் குறிப்பேட்டையும் ஒரே தராசில் வைத்தல் ஆகாது. புட்டி வாங்குவது ஆசை. குறிப்பேடு எழுதுவது கவனம். ஆசைக்கு அளவு வேண்டும். கவனத்திற்கு ஊக்கம் வேண்டும். இவ்வாறு நான் சொல்வதற்குக் காரணம் எங்கள் பங்கு அலுவலகத்தின் அலமாரியில் இருக்கிறது.

திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குக் குருக்கள் ஏட்டில் பதிய வேண்டும் என்பதைத் திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் ஒழுங்காக்கியது. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் சட்டமும் அந்தக் கடமையை வலியுறுத்துகிறது. ஒருவருடைய திருமுழுக்குப் பதிவு எழுதப்பட்ட அன்றே முடிந்துவிடுவதில்லை. பிற்காலத்தில் அவர் பெறும் உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம், துறவற வாக்கு முதலியவை அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். ஆகவே ஒரே வரியில் இருபது, முப்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு மூன்று பேருடைய கையெழுத்தும், இரண்டு மூன்று வகை மையும் அருகருகே நிற்பதைக் காணலாம்.

அந்த ஏடுகளைப் புரட்டுகிறவனுக்கு ஓர் உண்மை விரைவில் புலப்படும். சில பக்கங்களில் எழுத்து, நேற்று எழுதியது போலக் கறுத்து நிற்கிறது. வேறு சில பக்கங்களில், அவற்றைவிடப் பிந்தி எழுதப்பட்டிருந்தும், வெளுத்துச் சாம்பலாகிக் கிடக்கிறது. மழைத்துளி பட்ட இடங்களிலோ வேற்றுமை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஒருமுறை, வயதுச் சான்றுக்காகத் தம் திருமுழுக்குப் பதிவின் படியைக் கேட்டு ஒரு முதியவர் வந்தார். நாடு முழுவதற்கும் பொதுவான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த பலருக்குக் கோவில் ஏட்டை விட்டால் வேறு எழுத்துச் சாட்சி இல்லை. அவருடைய பெயர் தெளிவாக இருந்தது. தாயின் பெயர் இருந்த இடத்தில் மட்டும் ஒரு நீலக் கறை. மேலே இருந்த வரியிலும் நீர் பட்டிருந்தது; ஆயினும் அதன் ஓர் எழுத்தும் கரையவில்லை. ஒரே தாள், ஒரே மழை, மைதான் வேறு.

அந்தப் பழைய ஏடு ஒவ்வொரு மைக்கும் நாள் குறித்து வைத்திருக்கிறது. ஆனால் மையின் பெயரைக் குறித்து வைக்கவில்லை. எது நிலைத்தது என்று காட்டுகிறது. இனி எதை வாங்குவது என்று சொல்லத் தெரியாமல் நிற்கிறது. அந்த மாணவனின் குறிப்பேட்டிலோ நாளும் உண்டு, பெயரும் உண்டு. அதன் மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

மை என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அவற்றை மூன்று குலமாகப் பிரிக்கலாம்.

முதலாவது கரி. விளக்குப் புகையில் படியும் கரியைப் பிசினோடு குழைத்தால் கிடைக்கும் மை இது. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் கீறி, அந்தக் கீறலில் கரியைப் பூசித் துடைத்ததும் இதன் வழியே. கரி வெயிலுக்கு வெளுப்பதில்லை; நீரில் கரைவதுமில்லை. ஆனால் பழைய முறைக் கரிமையை ஊற்றுப் பேனாவில் ஊற்றினால் உள்ளே உலர்ந்து அடைத்துக்கொள்ளும். பேனாவுக்கு ஏற்றவாறு மிக நுண்ணிய துகளாக்கிய கரிமைகளை ஜப்பானிய நிறுவனங்கள் இப்போது விற்கின்றன.

இரண்டாவது இரும்பு மை. இதன் சரக்குகளை நம் நாட்டு மருந்துக் கடையிலேயே காணலாம்: மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். மாசிக்காய் என்பது உண்மையில் காயன்று. ஓக் மரத்தின் கிளையில் ஒருவகைச் சிறு குளவி முட்டையிடும்போது அந்த மரம் வளர்க்கும் புடைப்பு. அதில் துவர்ப்புச் சத்து மிகுதி. அன்னபேதி இரும்பின் உப்பு. இவ்விரண்டும் நீரில் கலந்தபின் எழுதினால் எழுத்து முதலில் வெளிறித் தோன்றும். காற்றிலுள்ள உயிர்வளி பட்டபின், சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் கறுத்து, நீரில் கரையாத பொருளாக மாறித் தாளின் இழையைப் பற்றிக்கொள்ளும். ஐரோப்பாவின் ஏடுகள் பல நூற்றாண்டுகளாக இந்த மையாலேயே எழுதப்பட்டன. இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவுகளுக்கென விற்கப்படும் 'பதிவாளர் மை' இக்குலத்தைச் சேர்ந்ததே. அங்கே 2021-இல் திருமணப் பதிவு மின்னணு முறைக்கு மாறிய பின்னும், அந்த மையை வாங்கி எழுதுவோர் உண்டு.

மூன்றாவது சாயம். 1856-இல் வில்லியம் பெர்க்கின் என்னும் இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அந்த வழியில் பிறந்த சாயங்கள் நாளடைவில் மைக்கூட்டிற்குள்ளும் புகுந்தன. இவை பளிச்சென்றிருக்கும், பேனாவை அரிக்கமாட்டா. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் சிந்தினால் கழுவிப் போக்கலாம் என்பதே சில நீல மைகளுக்குரிய பெருமை. ஆனால் சட்டையைவிட்டு நீங்குகிற மை ஏட்டைவிட்டும் நீங்கும் அன்றோ? இவற்றுள் பல, வெயிலிலும் வெளுத்துவிடும்.

இந்த மூன்றையும் புட்டியைப் பார்த்து மட்டும் அறிந்துவிட முடியாது. புதிதாக எழுதிய அன்று எல்லா மையும் அழகாகவே இருக்கும். 'நிலையானது' என்று அட்டையில் அச்சிட்டிருப்பதும் போதிய சாட்சியன்று. மேலும் மைகள் வரும், போகும். 1934-இல் வங்காளத்தின் ராஜ்ஷாஹியில் சுதேசி உணர்வோடு தொடங்கப்பட்ட சுலேகா மை, இடையில் பல ஆண்டுகள் நின்றுபோய், பின்னர் மீண்டும் கடைக்கு வந்தது. பெயர் அப்படியே இருக்க, கூட்டு மாறிவிடுவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு மையையும் நாமே சோதித்து, நாள் குறித்து வைத்தாலன்றி உண்மை விளங்காது.

இவ்வழியில் நமக்கு முன் நடந்தவர்களும் இருக்கின்றனர். வில்லியம் லூயிஸ் என்ற ஆங்கில வேதியியலார் மாசிக்காயும் அன்னபேதியும் வெவ்வேறு அளவில் சேர்ந்த மைகளைத் தயாரித்து, அவற்றால் எழுதிய தாள்களை வெயிலிலும் காற்றிலும் வைத்துப் பார்த்தார். 1763-இல் வெளியிட்ட நூலில், அன்னபேதி ஒரு பங்கென்றால் மாசிக்காய் மூன்று பங்கு இருத்தல் நலம் என்று எழுதினார். இரும்பு மிகுந்தால் எழுத்து பழுப்பாகிவிடும். அதுமட்டுமன்று, பழைய இரும்பு மை தாளையே அரித்துவிடுவதும் உண்டு. இசைமேதை பாக் தம் கையால் எழுதிய இசையேடுகள் பல இவ்வாறு அரிக்கப்பட்டு, பெர்லின் நூலகத்தில் பெருமுயற்சியோடு காக்கப்பட வேண்டியிருந்தது. நிலைப்பதும் அளவோடு இருந்தால்தான் நன்மை.

இனி, குறிப்பேடு வைக்க விரும்பும் இளைஞர்க்குச் சில சொற்கள். ஒரு மைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தலைப்பில் நிறுவனத்தின் பெயர், மையின் பெயர், வாங்கிய நாள், விலை ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்து, எந்தப் பேனா, எவ்வளவு பருமனான முனை, எந்தத் தாள், ஊற்றிய நாள், தீர்ந்த நாள். இக்குறிப்புகளை எந்த மையால் எழுதுவது என்று கேட்பீர்கள். பென்சிலால் எழுதுங்கள். பென்சிலின் காரீயம் எனப்படுவது கரியின் ஒரு வடிவமே. அது வெளுப்பதுமில்லை, நீரில் கரைவதுமில்லை. சோதிக்கப்படுகிறவனே சாட்சி சொல்லக் கூடாது.

அதன்கீழ் அந்த மையால் நான்கைந்து வரிகள் எழுதுங்கள். ஐந்து, பத்து, இருபது நொடிகள் கழித்து ஒவ்வொரு வரியையும் விரலால் தேய்த்து, எப்போது காய்கிறது என்று குறியுங்கள். இழை பிரிந்து பரவுகிறதா, மறுபக்கம் ஊடுருவுகிறதா என்பதையும் பாருங்கள். மறுநாள் நிறம் மாறியிருக்கிறதா என்று நோக்குங்கள். வெளிறிய எழுத்து கறுத்திருந்தால் அது இரும்பு மையாக இருக்கக்கூடும். பிறகு ஒரு வரியின்மேல் ஒரு துளி நீரை விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து ஒற்றியெடுங்கள். மிஞ்சியது எவ்வளவு என்பதைக் கண்டபடியே எழுதுங்கள்.

வெயில் சோதனைக்குப் பொறுமை வேண்டும். அதே மையால் எழுதிய ஒரு துண்டுத் தாளின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் விழும் சன்னலில் ஒட்டுங்கள். ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் திறந்து பாருங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் உள்ள வேற்றுமையே விடை. நம் நாட்டு வெயில் இந்தச் சோதனையை இரக்கமின்றி நடத்திவைக்கும்.

பேனாவைப் பேணுவதும் இதில் அடங்கும். இரண்டு மைகளைக் கலக்காதீர்கள். சேராத மைகள் கலந்தால் வண்டல் படிந்து பேனா அடைபடும். மை மாற்றும்போதெல்லாம் நீர் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். கடைசியில் காய்ச்சி வடித்த நீரால் கழுவினால் உப்புப் படியாது. இரும்பு மையைப் பேனாவுக்குள் உலர விடாதீர்கள். புட்டியில் பூஞ்சை மிதப்பதைக் கண்டால், விலையை எண்ணாமல் கொட்டிவிடுங்கள். பேனாவை அதில் தோய்க்காதீர்கள்.

இப்போது அந்தத் தாய் கேட்ட பணக் கேள்விக்கு வருகிறேன். குறிப்பேடே அதற்கும் வழி காட்டுகிறது. ஒரு மையின் மூன்று மாதச் சோதனை முடிந்து, அதன் பக்கம் நிறைந்த பிறகே அடுத்த புட்டி என்று மகனோடு உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள், அம்மா. நண்பர்கள் சிறு குப்பிகளில் ஆளுக்குக் கொஞ்சம் பகிர்ந்துகொண்டால், ஒரு புட்டி நான்கு பேருக்குப் போதும். விலைக்கெனப் பக்கத்தில் ஓர் இடம் இருப்பதால், ஆண்டு முடிவில் எவ்வளவு செலவாயிற்று என்பதை அவனே கூட்டிப் பார்ப்பான். பிறர் கூட்டிச் சொல்லும் கணக்கைவிட, தான் கூட்டிய கணக்கு ஆழமாகப் பதியும்.

எல்லோரும் ஊற்றுப் பேனாவுக்குத் திரும்ப வேண்டுமென்று நான் சொல்லவில்லை. பந்துமுனைப் பேனாவுக்கும் இதே கேள்வி உண்டு. ஆவணங்களுக்கு ஏற்றவற்றிற்கென ஐ.எஸ்.ஓ. 12757-2 என்னும் பன்னாட்டுத் தரமே வகுக்கப்பட்டிருக்கிறது. கணினியில் படியெடுத்து வைப்பதும் நல்லதே. ஆனால் கையொப்பமிட்ட மூலம் ஏட்டில் இருக்கும்வரை, எந்த மையால் எழுதுகிறோம் என்பது சிறிய காரியமன்று.

நம் குடும்பங்களில் வேதாகமத்தின் அல்லது செபப்புத்தகத்தின் முன்தாளில் பிறப்பு, இறப்பு, திருமண நாட்களை எழுதி வைக்கும் நல்ல வழக்கம் உண்டு. பாட்டனார் எழுதிய வரிகளுள் எவை மங்கி வருகின்றன என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மங்கியவற்றின்மேல் எழுதி மூலத்தைக் கெடுக்காமல், நல்ல தாளில் வேறாகப் படியெடுத்து உடன் வையுங்கள். வீட்டில் இப்படியொரு மைக் குறிப்பேடு வைத்திருக்கும் பிள்ளை இருந்தால், அந்தப் பணியை அவனிடமோ அவளிடமோ ஒப்படையுங்கள். வெயிலிலும் நீரிலும் தேறிய ஒரு மையை அப்பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பாட்டன், பாட்டியின் பெயர்களை அதனால் எழுதி, பக்கத்தின் அடியில், இன்ன மை, இன்ன நாள் என்று பென்சிலால் சிறிதாகக் குறிக்கட்டும். ஐம்பது ஆண்டு கழித்து அதைத் திறப்பவர் பெயர்களையும் படிப்பார். அவற்றைக் காத்த மை எது என்பதையும் அறிவார்.