குறிப்பறிதல்

சில மாதங்களுக்கு முன், குழந்தை வளர்ப்பு பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரை மொழிபெயர்ப்புக்கு வந்தது. முதல் பத்தியிலேயே 'எலிமினேஷன் கம்யூனிகேஷன்' என்று ஒரு சொல். 'கழிவு நீக்கத் தொடர்பாடல்' என்று எழுதிப் பார்த்தேன். குடிநீர் வடிகால் வாரியத்தின் சுற்றறிக்கை மாதிரி இருந்தது. கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

'குழந்தைக்கு டயப்பர் போடாம, அது எப்போ ஒண்ணுக்குப் போகும், எப்போ ஆய் போகும்னு பார்த்து, சரியா அந்த நேரத்துல தூக்கிப் பிடிக்கிறதாம்மா. ஒரு சத்தம் கொடுத்துப் பழக்கறது. அமெரிக்காவுல இதுக்குப் புத்தகமெல்லாம் இருக்கு.'

மறுமுனையில் சிறிது மௌனம். 'குழந்தையைக் கால்ல வச்சுக்கிறதுதானே? இதுக்கு ஒரு புத்தகமா?'

ஒன்றல்ல, பல. 2001இல் 'டயப்பர் ஃப்ரீ' என்ற புத்தகத்தை எழுதி இந்தச் சொல்லைப் பரப்பிய இங்க்ரிட் பாவர், இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பயணம் செய்தபோது டயப்பர் இல்லாத குழந்தைகளைத் தாய்மார்கள் இடுப்பில் சுமந்து திரிவதைப் பார்த்தவர். அவருக்கு முன்பே இதைப் பற்றி எழுதிய அமெரிக்கரான லாரி பௌக், தன் மூன்றாவது மகனுக்காக இந்த வித்தையைக் கற்றுக்கொண்டது ஓர் இந்தியத் தோழியிடம். நம் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து போன சரக்கு, புதுப் பெயருடன் திரும்பி வந்திருக்கிறது.

இதில் உடனே பெருமைப்பட்டுக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. என் மகள் பிறந்தபோது எனக்கு வயது 39. தமிழில் எம்.ஏ. படித்திருந்தேன், பதினைந்து வருடமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த குழந்தை என்ன சொல்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

அது டெல்லியின் டிசம்பர். மகளுக்கு நான்கு அடுக்குக் கம்பளி, அதற்கு உள்ளே டயப்பர். அம்மா வந்து இறங்கியபோது பெட்டியில் பாதி, அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்த துணிகள். மூன்றாவது வாரம் வெயில் வந்த ஒரு பகலில் பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்தார். இரண்டு பாதங்களுக்கு நடுவே குழந்தையை வைத்து, முதுகைத் தாங்கிப் பிடித்து, 'ஸ்ஸ்ஸ்...' என்றார். அரை நிமிடத்தில் நடந்தது. அடுத்த பால்கனியிலிருந்த பஞ்சாபிப் பெண்மணி சிரித்தார். அவர் வீட்டிலும் அதே 'ஸூ-ஸூ'தான். சீனாவில் 'ஷூ-ஷூ' என்பார்களாம். அங்கே அடிப்புறம் பிளந்த கால்சட்டையே உண்டு.

'உனக்கு எப்படித் தெரிஞ்சுது?' என்றேன். 'அவதான் சொன்னாளே' என்றார் அம்மா.

மருத்துவம் படித்தவர்கள் சொல்வதும் ஏறக்குறைய அதேதான். பிறந்த குழந்தை மணிக்கு ஒரு முறையாவது சிறுநீர் கழிக்கும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்தில் பெரும்பாலும் கழிக்காது. சற்று நெளிந்து, உறக்கம் கலைந்த பிறகுதான் போகும். வயிற்றில் பால் இறங்கியதும் குடல் அசையத் தொடங்கும். ஆக, தூங்கி எழுந்தவுடன் ஒரு தடவை, பால் குடித்த பிறகு ஒரு தடவை. இந்த இரண்டையும் பிடித்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்கு அடையாளங்கள் உண்டு. பால் குடிக்கும்போது காம்பை விட்டுவிட்டுக் கவ்வுவது, திடீரென்று விளையாட்டை நிறுத்தி ஒரே இடத்தைப் பார்ப்பது, முகம் சிவப்பது. ஒரு மாதத்தில் நானும் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

குழந்தை தயாராகும் வரை, சுமார் 18 மாதம் வரை, காத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் பிரேசல்டன் 1962இல் எழுதினார். உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் அதைப் பின்பற்றினார்கள். 1977இல் அதே மருத்துவ இதழில் வேறொரு ஆய்வு வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்கள் இரண்டு மூன்று வாரத்திலேயே தொடங்கி, ஐந்தாறு மாதத்துக்குள் குழந்தையைப் பழக்கிவிடுகிறார்கள் என்றது அது. அங்கேயும் தாய் காலை நீட்டித்தான் உட்காருகிறாள், ஒரு சத்தம் கொடுக்கிறாள்.

பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால் என்று 21ஆம் மாதம் வரை பத்துப் பருவங்கள். என் மகளும் அந்த வரிசையில்தான் வளர்ந்தாள். செங்கீரைப் பருவத்தில் கழுத்து நின்றது, பிடிப்பது எளிதானது. ஒன்பதாம் மாதம், கை கொட்டும் சப்பாணிப் பருவத்தில், சின்ன பிளாஸ்டிக் பாட்டியில் தானே உட்கார்ந்து கை தட்டினாள். பகலில் ஒரு துணி, இரண்டு துணிதான் நனையும். நான் தலை கனத்துப் போனேன். பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன்.

பத்தாம் மாதம் எல்லாம் தலைகீழானது. தவழவும் பிடித்துக்கொண்டு நிற்கவும் கற்றவளுக்கு உட்கார நேரமில்லை. பாட்டியில் வைத்தால் உடம்பைப் பலகை மாதிரி விறைத்துக்கொள்வாள். இறக்கிவிட்ட இரண்டாவது நிமிடம் ஜமக்காளத்தில் போவாள். அதற்குள் அம்மா ஊருக்குத் திரும்பியிருந்தார். நான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். குழந்தைகள் காப்பகத்தில் டயப்பர் கட்டாயம். வீட்டிலாவது பழக்கம் விடக் கூடாது என்று, காலை ஏழரை மணிக்கு, ஒரு கண் கடிகாரத்தில் இருக்க, அவள் தோளை அழுத்திப் பிடித்து உட்கார வைத்தேன். 'போயிட்டுத்தான் எழுந்திருக்கணும்.'

அவள் போகவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. நான்காம் நாள் அலறிக்கொண்டு போனாள். இறுகிய மலத்தில் ரத்தக் கீற்று இருந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, 'கட்டாயப்படுத்துகிறீர்களா?' குழந்தை அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலிக்குப் பயந்து மேலும் அடக்கும் என்று பொறுமையாக விளக்கினார். இளக்குவதற்கு மருந்து கொடுத்தார். பாட்டியைக் கண்ணில் படாமல் வைக்கச் சொன்னார்.

அன்றிரவு அம்மாவிடம் அழுதேன். அம்மா திட்டவில்லை. 'அவ என்ன சொல்றான்னு கேட்கத்தானே கால்ல வச்சுக்கிட்டோம்? இப்போ வேண்டாம்னு சொல்றா. அதையும் கேளு' என்றார்.

ஒன்பது மாதமாக நான் கேட்டதெல்லாம் எனக்குச் சாதகமான சேதிகளை மட்டும்தான் என்று அப்போது புரிந்தது. நனைந்த துணிகளை எண்ணத் தொடங்கிய நாளிலேயே கேட்பதை நிறுத்தியிருக்கிறேன்.

ஒரு மாதத்துக்கு மேல் எதுவும் செய்யவில்லை. டயப்பர் போட்டேன். நடை பழகிய பிறகு, வருகைப் பருவத்தில், பாட்டியை மறுபடி மூலையில் வைத்தேன். முதலில் பொம்மையை உட்கார வைத்தாள், ஒரு வாரம் கழித்துத் தான் உட்கார்ந்தாள். அம்புலிப் பருவத்தில் 'ஆய்' என்று சொல்ல வந்தது, பெரும்பாலும் காரியம் முடிந்த பிறகு. சேதி தாமதம், ஆனாலும் சேதி சரி. ஊசல் பருவம், அதாவது 21ஆம் மாதம் முடிவதற்குள் பகலில் தானே கூப்பிட்டாள். இரவு டயப்பர் மூன்று வயது வரை இருந்தது. ஐந்து வயது வரை படுக்கையை நனைப்பது இயல்பு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதை யாரிடமும் நான் மறைக்கவில்லை.

பாட்டி காலத்து வழிதான் உயர்ந்தது, டயப்பர் பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த வழிக்கு ஒரு விலை இருந்தது. வீட்டில் எந்நேரமும் ஒரு பெண் காலை நீட்டி உட்காரத் தயாராக இருந்தாள், அவள் நேரத்துக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. இரண்டு ஆயாக்கள் பன்னிரண்டு குழந்தைகளைப் பார்க்கும் காப்பகம் டயப்பர் கேட்பதில் நியாயம் உண்டு. டயப்பருக்கும் விலை உண்டு. எங்கள் மயூர் விஹாரில் நாங்கள் எறிவது பக்கத்திலுள்ள காஜிப்பூர் குப்பை மலைக்குப் போகிறது. உபயோகித்த டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் சொல்லியிருந்தன. எத்தனை வீடுகளில் சுற்றுகிறோம் என்பது, வெறுங்கையால் குப்பையைப் பிரிப்பவருக்குத் தெரியும்.

முழுதாக முடியாதவர்கள் தூங்கி எழுந்தவுடன் ஒரே ஒரு தடவை காலில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அம்மாதான் உட்கார வேண்டும் என்பதும் இல்லை. என் கணவர் ஆறே நாளில் கற்றுக்கொண்டார். ஆணுக்கும் கால் இரண்டுதான்.

கட்டுரையை முடித்து அனுப்பியபோது, அந்தச் சொல்லுக்குக் 'குறிப்பறிதல்' என்று எழுதினேன். திருவள்ளுவர் அந்தத் தலைப்பில் இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார். ஒன்று, அரசனின் மனக்குறிப்பை அமைச்சன் அறிவது. மற்றொன்று, காதலர்கள் ஒருவர் குறிப்பை ஒருவர் அறிவது. பேச்சு வராத குழந்தையின் குறிப்புக்கு அவர் தனி அதிகாரம் வைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். 'அவர் எழுதாட்டி என்ன, குழந்தைதான் தினம் சொல்லுதே' என்றார்.