என்னத்தத் தின்னு தொலைச்சயோ

மூன்றாம் நாள் ஆண்கள் பால் ஊற்றிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் அக்காவின் மாமியார் கேட்டார்: "புள்ள வயித்துல இருக்கறப்ப என்னத்தத் தின்னு தொலைச்சயோ?" இருபது பேராவது இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

குழந்தைக்கு ஆறு வயது. விடாத காய்ச்சல், வெளுத்த முகம், காலெல்லாம் கன்றிப்போன தடங்கள். அக்கம்பக்கத்தில் முதலில் கிளம்பிய பேச்சு, "அவ அம்மாதான் போட்டு அடிக்கிறா" என்பது. ரத்தத் தட்டணுக்கள் குறைந்தால் லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றும் என்பது பரிசோதனைக்குப் பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. நோய்க்குப் பெயர் கிடைக்குமுன்பே குற்றவாளி கிடைத்துவிட்டாள்.

லிம்போபிளாஸ்டிக் லுகேமியா எலும்பு மஜ்ஜையில் உருவாகும் செல்லின் மரபணுப் பிறழ்வில் தொடங்குகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பரம்பரையாக வருவதில்லை. கர்ப்பத்தில் தின்ற பப்பாளியோ, கிரகணத்தன்று வாசலுக்குப் போனதோ காரணமல்ல. இதை மருத்துவர் அக்காவையும் மாமாவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தே சொன்னார். மாமா வீட்டில் வாய் திறக்கவில்லை. அவர் கெட்டவரல்ல, மகளுக்காகத் தேம்பித் தேம்பி அழுதவர். ஆனால் பழி தன் மேல் விழாதபோது அதைத் தட்டிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. தன் அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். சனிக்கிழமை சம்பளம். இந்த நோய்க்கான சிகிச்சை இரண்டு வருடத்துக்கும் மேல் நீளும் என்றதும் வேலையை விட்டாள். "யாராச்சும் ஒருத்தர் சம்பாதிக்கோணுமில்ல?" என்றார்கள். அந்த ஒருத்தர் யார் என்ற பேச்சே எழவில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்குப் பணம் கொடுத்தது. அவள் இழந்த கூலிக்குக் கொடுக்கவில்லை. மத்திய அரசின் பெண் ஊழியருக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாட்கள் உண்டு. ஆணுக்கும் உண்டு, ஆனால் மனைவி இல்லாமல் தனியாகக் குழந்தை வளர்ப்பவராக இருந்தால் மட்டும். மனைவி இருக்கும் ஆணுக்குப் பராமரிப்பு வேலை கிடையாது என்று அரசே விதி எழுதி வைத்திருக்கிறது. பனியன் கம்பெனிக்காரிக்கோ எந்த விதியும் இல்லை.

இரவு கொடுக்கும் மெர்காப்டோபியூரின் மாத்திரையைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன். பெண் என்பதாலேயே ஆய்வுக்கூட வேலை மறுக்கப்பட்டவர்; 1988இல் நோபல் பெற்றார். இதை அக்காவிடம் சொன்னபோது, "அந்தம்மாவையும் ஏதாச்சும் சொல்லியிருப்பாங்க" என்றாள். அந்த வார்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வார்டில் அம்மாக்கள் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். இன்னொன்றும் கவனித்தேன்: கட்டில்களில் பையன்களே அதிகம். இந்நோய் பையன்களுக்குச் சற்றுக் கூடுதலாக வருவது உண்மைதான். ஆனால் நம் நாட்டில் சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளிடையே உள்ள இடைவெளி அதைவிடப் பெரிது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வராத பெண் குழந்தைகள் எங்கே போனார்கள் என்று யாரும் அம்மாவிடம் "என்னத்தத் தின்னே" என்று கேட்பதில்லை. எங்கள் குழந்தை பெண்ணாக இருந்தும் வந்தாள் என்றால், அக்கா வீட்டில் போட்ட சண்டையால்தான்.

பதினான்காம் மாதம் நோய் திரும்பியது. அதன்பின் நடந்ததை எழுத என்னால் முடியாது.

புதைக்க எடுத்துப் போனபோது அக்காவைத் தெருமுனையில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டவள் அவள். ஒரு முறைகூடப் பிடிக்காதவர்கள் உள்ளே போய் மண் போட்டார்கள். இப்போது அடுத்த குழந்தைக்கு வேண்டுதல் வைத்திருக்கிறார்களாம், அவளிடம் கேட்காமலே.

போன மாதம் நாங்கள் இருவரும் இடுகாட்டுக்குப் போனோம். வாசலில் இருந்த பெரியவர், "பொம்பளைங்க உள்ள வரக்கூடாதுங்க" என்றார். அக்கா நிற்கவில்லை. "எம்புள்ள எங்கன்னு மட்டும் காட்டுங்க" என்றபடியே நடந்தாள். அவர் எழுந்து முன்னால் போய்க் காட்டினார்.