ஒரு மில்லிமீட்டர் கவலை

ஜனவரி பிறந்துவிட்டால் பிரிட்டனில் பல நரைத்த தலைகளுக்கு இருப்புக் கொள்ளாது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் அந்த ஆண்டு வெளியிடப்போகும் பிளாஸ்டிக் போர் விமான மாடல்களின் பட்டியல் வரும் நேரம் அது. ஆசைப்பட்ட விமானம் இருக்குமா? இருந்தால் எந்த அளவில், 1/72-லா, 1/48-லா?

வேடிக்கை என்னவென்றால், பலர் காத்திருப்பது புது விமானத்துக்கு அல்ல. பழைய விமானத்தின் புது அச்சுக்கு. ஏர்ஃபிக்ஸின் முதல் ஸ்பிட்ஃபயர் அசலோடு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. பின்னர் திருத்திய பதிப்பு வந்தது. அதன் பிறகும் அதே விமானத்துக்குப் பலமுறை புது அச்சு செய்தாகிவிட்டது. ரசிகர்களின் கறார் குணத்துக்குக் காரணம் எளிய கணக்கு: 1/72 மாடலில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அசலில் அது 7 சென்டிமீட்டருக்கு மேல்.

ஆனால் எஃகு அச்சுக்குச் செலவு அதிகம். விற்காவிட்டால் போட்ட பணம் போச்சு. 2006 ஆகஸ்டில் ஏர்ஃபிக்ஸை வைத்திருந்த ஹம்ப்ரால் திவால் நிலைக்கு வந்தபோது பட்டியலே நின்றுபோகும் போலிருந்தது. நவம்பரில் ஹார்ன்பி நிறுவனம் இரண்டையும் 26 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக் காப்பாற்றியது. பின்னர் வந்த மாடல்களில் சில இந்தியாவிலேயே தயாரானவை.

அன்றிலிருந்து ஜனவரிப் பட்டியலை ரசிகர்கள் இரண்டு கண்ணோடு பார்க்கிறார்கள். பிடித்த விமானம் இல்லையென்றால் திட்டுவார்கள். ஆனாலும் பட்டியல் என்று ஒன்று வந்ததே என்று நிம்மதியும் அடைவார்கள்.